டிரெட்மில்லை நிறுத்துவது எப்படி என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே டிரெட்மில்லில் நடப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை நிமிஷம் நடக்கலாம், எந்த மாதிரி ஷூ போடலாம், யாரெல்லாம் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏற வேண்டும் என்று நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஏறி நின்றதும் கண்ணெதிரே இருக்கிற அந்தப் பட்டன் பலகையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. போதாததற்கு நீங்கள் போட்டிருந்த படத்தில், சிரித்துக்கொண்டே ஓடுகிற பெண்ணின் உடுப்பில் சிவப்புக் கிளிப்பைக் காணோம். அதன் கயிறு கைப்பிடியில் நாலு சுற்றுச் சுற்றி, திருஷ்டிக்குக் கட்டியது போல் தொங்குகிறது. அந்தப் படத்தைப் பார்த்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் சிவப்புக் கிளிப் விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அதற்கு சேஃப்டி கீ என்று பெயர். சாவி என்றதும் துவாரத்தில் விட்டுத் திருகுவது என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலான வீட்டு மெஷின்களில் அது ஒரு சின்னக் காந்தம், அவ்வளவுதான். காந்தம் போர்டில் அதற்குரிய இடத்தில் உட்கார்ந்திருந்தால்தான் பெல்ட் ஓடும். கயிற்றின் மறுமுனையில் இருக்கும் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொண்டால், கால் இடறிப் பின்னால் போகும்போது கயிறு இழுபட்டுக் காந்தம் கழன்று வந்துவிடும், மோட்டார் நின்றுவிடும். ஸ்டாப் பட்டன்தான் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பார்கள். விழுகிறவன் கை எதைப் பிடிக்கப் போகும் என்று அவனுக்கே தெரியாது, அந்த நேரத்தில் எட்டிப் பட்டனைத் தேடவா முடியும்?

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு காலத்தில் அதை மதித்தவன் இல்லை. மெஷின் வந்த இரண்டாவது மாதம் ஒருநாள் காலையில் அது கிளம்பவே இல்லை. திரையில் எண்கள் வர வேண்டிய இடத்தில் மூன்று கோடுகள். பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன், கீழே இருக்கும் சுவிட்சை அணைத்துப் போட்டேன், மோட்டார் மூடியைக் கூடத் தட்டிப் பார்த்தேன். கடைசியில் சர்வீஸ் ஆளை வரவழைத்தேன். அவர் வந்தார், திரையைப் பார்த்தார், "சார், கீ எங்கே?" என்றார். முதல் நாள் தூசி தட்டும்போது என் மனைவி அதைக் கழற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று மேஜை டிராயரில் வைத்திருக்கிறாள். அவர் அதை எடுத்து வைத்தார், கோடுகள் போய்ப் பூஜ்யம் வந்தது, சார்ஜை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வந்த வேலை அரை நிமிஷம்தான். சில மெஷின்களில் கோட்டுக்குப் பதில் ஈ 07 என்றோ வேறு ஒரு குறியீடோ வரும். எது வந்தாலும் முதலில் சாவியைப் பாருங்கள், போனை அப்புறம் எடுக்கலாம்.

சாவி தொலைந்தால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தத்தை அங்கே வைத்து ஓட்டுகிற சாமர்த்தியசாலிகளும் உண்டு. மெஷின் ஏமாந்து ஓடத்தான் செய்யும். ஆனால் கயிறில்லாத அந்தக் காந்தம் நீங்கள் எப்படி விழுந்தாலும் அங்கேயே அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், பெல்ட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குப் பேசாமல் தரையில் நடந்துவிட்டுப் போகலாம்.

சரி, பட்டன்களுக்கு வருகிறேன். ஸ்டார்ட்டை அமுக்கினால் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டு மெதுவாகக் கிளம்பும், பெரும்பாலும் மணிக்கு 0.8 அல்லது 1 கிலோமீட்டர் வேகத்தில். அந்த எண்ணிக்கை முடியும்வரை இரண்டு கால்களும் பெல்ட்டின் மேல் இருக்கக் கூடாது, இரு பக்கமும் இருக்கிற ஓரப் பலகையில் இருக்க வேண்டும். பெல்ட் நகர ஆரம்பித்ததைக் கண்ணால் பார்த்த பிறகு ஒரு காலை வைத்து, அப்புறம் அடுத்த காலை வையுங்கள். பிளஸ், மைனஸ் பட்டன்களை ஒருமுறை தட்டினால் வேகம் 0.1 கூடும் அல்லது குறையும், அமுக்கிப் பிடித்தால் கடகடவென்று ஏறும். ஸ்டாப்பை அமுக்கினால் பெல்ட் உடனே நிற்காது, படிப்படியாகக் குறைந்துதான் நிற்கும், அதனால் நின்றுவிட்டது என்று நினைத்துக் காலை நிறுத்திவிடாதீர்கள், கடைசி அடிவரை கூடவே நடங்கள். பாஸ் பட்டன் தனியாக இருந்தால் அது பெல்ட்டை நிறுத்தும், ஆனால் நடந்த நேரத்தையும் தூரத்தையும் அழிக்காது, மறுபடி ஸ்டார்ட் போட்டால் விட்ட இடத்திலிருந்து எண்ணும். பாஸில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அது அடுத்துத் தட்டுகிற பட்டன் ஸ்டார்ட்டாகத்தான் இருக்கும்.

இனி, போர்டில் 3, 6, 9, 12 என்று தனித்தனியாகப் போட்டிருக்கும் பட்டன்கள். ஒரே தட்டில் அந்த வேகத்துக்குப் போவதற்கான குறுக்கு வழி அது. நடக்கிறவர்களுக்கு இது எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. மணிக்கு 12 கிலோமீட்டர் என்பது நல்ல ஓட்டக்காரர்களின் வேகம், அதை ஏன் மைனஸ் பட்டனுக்குப் பக்கத்தில், அதே அளவில், அதே நிறத்தில் வைக்கிறார்கள்? என் மனைவி ஒருநாள் 4-ல் நடந்துகொண்டே, திரையில் சொட்டியிருந்த வியர்வையைத் துண்டால் துடைத்தாள். எங்களுடையது தொட்டாலே வேலை செய்கிற ரகம். துண்டு 9-ன் மேல் போனது, ஒரு பீப் சத்தம், அவ்வளவுதான். பெல்ட் ஒரேயடியாகப் பாய்வதில்லை, 4.5, 5.2, 6 என்று ஏறும், அந்தச் சில நொடிகள்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். அவள் என்ன செய்தாள் என்றால், எல்லோரும் செய்வதைச் செய்தாள்: வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடிக்கொண்டே மைனஸைத் தட்டினாள். ஈரத் துண்டு போன இடம், ஈரமான விரல், போர்டு கேட்கவே இல்லை. நான் பக்கத்து அறையிலிருந்து ஓடி வருவதற்குள் கிளிப்பே இழுபட்டு மெஷின் நின்றுவிட்டது, முழங்காலில் ஒரு சிராய்ப்போடு போயிற்று. டிராயர் சம்பவத்துக்குப் பிறகு வீம்புக்காக மாட்ட ஆரம்பித்த கிளிப் அது.

அப்படி ஆகும்போது செய்ய வேண்டியது, கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களையும் அகட்டி ஓரப் பலகையில் வைத்துவிடுவது. பெல்ட் கீழே எந்த வேகத்தில் ஓடினாலும் ஓடட்டும், அது உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் ஆகிவிடும். அப்புறம் நிதானமாகச் சாவியைப் பிடுங்கலாம். இதை வேகம் 2-ல் இருக்கும்போது பத்துத் தடவை பழகிவைத்தால்தான் வேகம் ஏறும்போது கால் தானாகப் போகும். வியர்வை துடைப்பதெல்லாம் மெஷின் நின்ற பிறகு.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. பெல்ட்டை ஓடவிட்டு இறங்கிப் போய் போனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து ஏறுவது. பெல்ட் கறுப்பு, பல மெஷின்களில் அதில் ஒரு கோடோ எழுத்தோ இருக்காது, மெதுவாக ஓடும்போது ஓடுகிறதா நிற்கிறதா என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. நான் அதில் சாக்பீஸால் குறுக்காக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அழிந்தால் மறுபடி போடுவேன்.

அந்தச் சாக்பீஸ் கோடு இன்னொன்றுக்கும் உதவியது. திரையில் தெரிகிற 5 என்பது கிலோமீட்டரா, மைலா? சில மெஷின்கள் மைல் கணக்கில் வைக்கப்பட்டே வருகின்றன, திரையில் அதைச் சொல்கிற எழுத்து எறும்பு அளவுக்கு இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. ஒரு மைல் என்பது 1.6 கிலோமீட்டர், ஆக 5 மைல் என்றால் மணிக்கு 8 கிலோமீட்டர். அதை நடை என்று சொல்ல முடியாது, ஓட்டம்தான். என் அக்கா வீட்டுக்காரர் "ஐந்திலேயே மூச்சு வாங்குகிறதே, எனக்கு என்னவோ ஆகிவிட்டது" என்று பயந்து போய் இருந்தார். நான் போய் அவர் மெஷினை அணைத்து, பெல்ட்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி டேப்பால் முழுச் சுற்றையும் அளந்தேன், 2.8 மீட்டர் வந்தது. அப்புறம் யாரும் ஏறாமல் 5-ல் ஓடவிட்டு, கோடு ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினோம். கிலோமீட்டராக இருந்தால் சுமார் 30 முறை வர வேண்டும். 48 வந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மூன்று வாரமாக நடப்பதாக நினைத்து ஓடியிருக்கிறார். கையேட்டைப் பார்த்து மாற்றிக் கொடுத்தேன். பெரும்பாலும் ஒன்றிரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் மாறும், எந்தப் பட்டன் என்பது மெஷினுக்கு மெஷின் வேறு.

ஏற்றம் பற்றியும் இதே குழப்பம்தான். இன்க்ளைன் என்று போட்டிருக்கும் இடத்தில் தெரிகிற எண் கோணம் இல்லை, சதவீதம். 10 என்றால் 100 மீட்டர் நடக்கிற தூரத்துக்கு 10 மீட்டர் உயர்வு, கோணக் கணக்கில் அது 6 டிகிரி கூட வராது. எண் சிறிதாகத் தெரிந்தாலும் கால் அதை நன்றாகவே உணரும். வெளியே ஓடுவதற்குச் சமமாக 1 சதவீத ஏற்றம் வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது 1996-ல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இருவர் ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது, காற்றின் எதிர்ப்பை ஈடுகட்டுவதற்காக. 4-ல் நடக்கிறவருக்கு ஏது காற்று எதிர்ப்பு, அவர் பூஜ்யத்திலேயே நடக்கலாம். இன்னொன்று, மடக்கி வைக்கிற மெஷின் என்றால் ஏற்றத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே மடக்குங்கள்.

ஆஸ்பத்திரியில் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தவர்கள் சிலர் அதே மாதிரி வீட்டில் செய்து பார்க்கிறார்கள், இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பரவலாகப் பின்பற்றுகிற முறை ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய நிபுணர் வகுத்தது. 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டரில் ஆரம்பித்து, மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகம், ஏற்றம் இரண்டையும் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆளைக் களைக்க வைத்து இதயம் எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் அதன் நோக்கமே. பக்கத்தில் ஈசிஜி ஓடுகிறது, டாக்டர் நிற்கிறார். வீட்டில் பக்கத்தில் நிற்பது துணி காயப்போடும் ஸ்டாண்டு.

புரோகிராம்கள் என்று பி1, பி2, பி3 என்று வரிசையாக வருமே, அவற்றில்தான் எனக்கு மிகுந்த கோபம். நேரத்தைச் சமமான துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேகத்தை உள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள். 30 நிமிஷத்தை 20 துண்டாக்கினால் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும். மேலே சொன்ன அதே அக்கா வீட்டுக்காரர் ஒருநாள் தெரியாமல் பி5-ஐத் தட்டிவிட்டு ஸ்டார்ட் போட்டார். வேகம் கூடியது, மைனஸைத் தட்டிக் குறைத்தார், அப்பாடா என்று நடந்தார். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பீப், மறுபடி ஏறியது. மறுபடி குறைத்தார். மெஷினுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். பெரும்பாலான மெஷின்களில் நாம் குறைப்பது அந்தத் துண்டுக்கு மட்டும்தான், அடுத்த துண்டு வந்ததும் அது தன் கணக்கையே பார்க்கும். விட்டுத் தொலைக்க வேண்டுமென்றால் ஸ்டாப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மோட் பட்டனும் இப்படித்தான், அதைத் தட்டினால் நேரம் அல்லது தூரம் அல்லது கலோரி கீழ்நோக்கி எண்ண ஆரம்பிக்கும், பூஜ்யம் வந்ததும் பெல்ட் தானாக நிற்கும். ரிப்பேர் என்று நினைத்துவிட வேண்டாம்.

இவற்றில் ஒன்றை மட்டும் தெரியாமல் தொடவே கூடாது. இதயத் துடிப்பை வைத்து வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் புரோகிராம். வயதைப் போட்டால், பெரும்பாலும் 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் ஒரு பங்கை இலக்காக வைத்துக்கொள்ளும். துடிப்பு அந்த இலக்கை எட்டும்வரை வேகத்தையோ ஏற்றத்தையோ கூட்டும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு என்ன ஆகும்? அந்த மாத்திரையே துடிப்பை ஏறவிடாமல் வைப்பதற்குத்தான். ஆள் திணறுவார், திரையில் துடிப்பு குறைவாகவே இருக்கும், மெஷின் "இன்னும் போதவில்லை" என்று கூட்டிக்கொண்டே போகும். கைப்பிடியில் இருக்கும் உலோகத் தகட்டைப் பிடித்துத் துடிப்பு பார்ப்பதும் நகரும்போது அவ்வளவு நம்பகம் இல்லை, கை சற்று நழுவினாலே எண் குதிக்கும். மார்பில் கட்டுகிற பட்டை பரவாயில்லை. உங்கள் கட்டுரையில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று இருந்தது, ஆனால் இதைக் கேட்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கலோரி எண்ணைப் பற்றி ஒரே வார்த்தை. எடையைக் கேட்காத மெஷின் ஏதோ ஒரு எடையை வைத்துக்கொண்டு சொல்கிற எண் அது, நீங்கள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நடப்பதும் அதற்குத் தெரியாது.

இத்தனைக்கும் இந்த மெஷின் வீட்டுக்குள் வந்தபோது இப்படி இல்லை. 1960-களின் கடைசியில் வில்லியம் ஸ்டௌப் (Staub) என்ற அமெரிக்க இன்ஜினியர் வீட்டில் வைத்துக்கொள்கிற மாதிரி உருவாக்கிய டிரெட்மில்லில், நேரத்துக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று திருகுகிற டயல்கள்தான் இருந்தன. இப்போது தொடுதிரை, வைஃபை, மாதச் சந்தா. 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் ட்ரெட் பிளஸ் என்ற மாடலில் சுமார் 1,25,000 மெஷின்களைத் திரும்பப் பெற்றது. பின்பக்கமாக அடியில் இழுக்கப்பட்டு ஒரு குழந்தை இறந்திருந்தது. குழந்தைகள், பெரியவர்கள், வளர்ப்புப் பிராணிகள் என்று எழுபதுக்கு மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன. அதன் பிறகு, நான்கு இலக்க எண்ணைப் போட்டால்தான் பெல்ட் நகரும்படி திரையில் ஒரு பூட்டு கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், முதலில் சந்தா கட்டுகிறவர்களுக்குத்தான் அந்தப் பூட்டு வேலை செய்தது, ஜனங்கள் கத்திய பிறகுதான் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். நம்முடைய சாதாரண மெஷின்களில் எண் பூட்டு எல்லாம் இல்லை. அந்தச் சிவப்புச் சாவியைக் கழற்றி உயரமான அலமாரியில் வைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டால் அதுவே பூட்டு. (என் மனைவி அன்று டிராயரில் வைத்தது ஒரு வகையில் சரிதான், எங்கே வைத்தாள் என்று சொல்லியிருக்கலாம்.) மெஷினுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் காலி இடம் விடச் சொல்லிக் கையேடுகளில் போட்டிருப்பார்கள், சுவரை ஒட்டிப் போட்டால் விழுகிறவர் சுவருக்கும் ஓடுகிற பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்.

கையேட்டில் இதெல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பொடி எழுத்தில், பத்து எச்சரிக்கைகளுக்கு நடுவில் பதினொன்றாவதாக, படித்துப் புரிந்துகொள்ள முடியாத இங்கிலீஷில். மெஷினை மாட்டிக் கொடுக்க வருகிறவர் ஸ்டார்ட்டைக் காட்டுவார், பிளஸ்ஸைக் காட்டுவார், பாட்டுப் போடக் கூடக் காட்டுவார். சாவியைப் பிடுங்கி நிறுத்திக் காட்டிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்த இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்கி, போர்டின் படத்தைப் பெரிதாகப் போட்டு, எது எதற்கு என்று தமிழில் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். வெட்டி எடுத்து மெஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டிக்கொள்கிறவர்களில் நான் முதல் ஆள்.

அப்புறம், படம் போடும்போது அந்தப் பெண்ணிடம் கிளிப்பை மாட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்